பேரை வெட்டிவிடுவாரோ என்ற பயம்

எங்கள் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பைபிளில் எபிரெயர் நிருபம் ஆறாம் அதிகாரத்தின் நாலாம் வசனம் முதல் ஆறாம் வசனம் வரை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வார். சங்கீதம் 23 சொல்லும்போது நடுவில் தடுக்கும், இது தடுக்காது. பயத்தோடு கேட்ட பாடம் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும் போல.

"ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும், பரம ஈவை ருசிபார்த்தும், பரிசுத்த ஆவியைப் பெற்றும்..." என்று தொடங்கி, "மறுதலித்துப்போனவர்கள்" என்ற இடத்தில் குரல் இறங்கி, "மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்" என்று முடிக்கும்போது கேட்கிற நமக்கே வயிற்றைக் கலக்கும். முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்பார்: "தம்பி, எம் பேரு இன்னும் இருக்குமா, வெட்டிருப்பாங்களா?"

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பிராவில் இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் இயேசுவிடம் வந்தார். வந்தபின் திரும்பிப் பார்த்ததில்லை. பெரியப்பா போதையில் பைபிளைத் தூக்கி பீலிக்கரையில் எறிந்தபோதும், போய் எடுத்து இஸ்தோப்பில் காயப்போட்டுவிட்டு அவருக்குச் சோறு போட்டவர். அப்பேர்ப்பட்ட மனுஷிக்கு எழுபது தாண்டியதும் முழங்கால் போனது, அடுத்து பெரியப்பா போனார், அப்புறம் தூக்கம் போனது. ஒருநாள் ஜெபமும் போய்விட்டது. முழங்கால் போட முடியாததால் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடினால், உள்ளே ஒன்றும் இல்லை என்றார். ஆவியில் நிறைந்து பேசுகிற அந்நிய பாஷை வரவில்லை, அழுகைகூட வரவில்லை.

அவர் போன சபையில் அந்நிய பாஷை என்பது சின்ன விஷயமில்லை. ஆவி இருக்கிறதா இல்லையா என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நேரம் பார்த்து வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வேனில் வந்து இறங்கி, பாஷை நின்றுபோனவர்களிடமிருந்து ஆவியானவர் புறப்பட்டுவிட்டார் என்று மைக்கில் சொல்லி, எபிரெயர் ஆறையும் வாசித்துவிட்டு அன்றைக்கே புறப்பட்டுப் போனார். அவருக்கு அது ஒரு கூட்டம். பெரியம்மாவுக்கு அது தீர்ப்பு. அடுத்த வாரத்திலிருந்து பெரியம்மா அப்பம் பிட்குதலில், அதாவது திருவிருந்தில், கை நீட்டவில்லை.

நான் வளர்ந்தது வேறு மாதிரி. அப்பா பக்கம் அங்கிலிக்கன். தோட்டத் தொழிலாளர்களுக்காக 1854இல் கண்டியில் தொடங்கிய தமிழ் கூலி மிஷனின் காலத்திலேயே எங்கள் பாட்டன்மார் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அங்கே யாரும் யாரையும் "நீ இரட்சிக்கப்பட்டாயா, திகதி என்ன?" என்று கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம், பாவ அறிக்கை சொல்வோம், குருவானவர் மன்னிப்பைக் கூறுவார், திருவிருந்து எடுப்போம், வீட்டுக்கு வந்து சாப்பிடுவோம். அந்த அமைதியில் ஒரு சோம்பலும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா பக்கத்துச் சபைகளில் இருந்த சூடு எங்களிடம் இல்லை. சூடு உள்ள இடத்தில்தான் இந்தப் பயமும் இருந்தது.

பெரியம்மாவின் பயத்தை முதலில் வேதாகமக் கேள்வி என்றே எடுத்துக்கொண்டேன். கணிதம் படிப்பிக்கிறவன் அல்லவா, நிறுவிக் காட்டினால் போதும் என்று நினைப்பு. ஆனால் "பேர் வெட்டுவது" என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்குக் கண்முன் வந்தது இரட்சிக்கப்பட்டவர்களின் பேர் இருப்பதாக யோவானின் வெளிப்படுத்தல் சொல்கிற ஜீவபுஸ்தகம் அல்ல. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காலையில் பிரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, போக வேண்டும். மலையில் நாள் முழுக்க நின்றால் மட்டும் சம்பளம் இல்லை. அன்றைக்கு உரிய கிலோவைப் பறித்தால்தான் பேர். அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், பல இடங்களில் 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். சின்ன வயதில் பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மடுவத்தில் நிற்பேன். தராசுக் கொக்கியில் கொழுந்துச் சாக்கைத் தூக்கி மாட்டுவார்கள். முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்வார். மழை நாளென்றால் ஈரத்துக்கென்று கழிப்பார், சாக்குக்கென்று கழிப்பார். அப்புறம் புத்தகத்தில் பென்சில் ஓடும். பெரியம்மா நனைந்த படங்கோடு நின்று அந்தப் பென்சிலையே பார்ப்பார். படிக்கத் தெரியாது, ஆனால் ஒரே இழுப்பில் நின்றால் முழுப்பேர், பென்சில் மேலும் கீழும் போனால் அரை என்று அவருக்குத் தெரியும். முழுப்பேர் விழுந்தால்தான் அந்த இடத்தை விட்டு அசைவார். அரை விழுந்தால் வாய்திறந்து ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டு என்ன ஆகப்போகிறது?

நாற்பது வருடம் இப்படி நின்ற ஒருவரிடம், பரலோகத்திலும் ஒரு புத்தகம் இருக்கிறது, அதிலிருந்தும் பேரை எடுத்துவிடலாம் என்று சொன்னால் எப்படிக் கேட்கும்?

புத்தகம் மட்டுமா. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் சனத்துக்குப் பேர் இல்லாமல் போவது ஒரு பரம்பரை அனுபவம். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தாத்தா இந்த நாட்டில் பிறந்தவர்தான், ஆனாலும் எந்த நாட்டுக்கும் உரியவரில்லை என்று ஆனார். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் மிஞ்சியவர்களின் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. பெரியம்மா தன் அடையாள அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன்னால் வாசிக்க முடியாத பைபிளுக்குள் வைத்திருந்தார். இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அதற்காக, பயம் முழுக்கத் தோட்டத்தில் இருந்து வந்தது, வேதத்தில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. எபிரெயர் ஆறு கடினமான பகுதிதான். மழுப்பி வாசிக்க முடியாது. ஆனால் யாருக்கு எழுதியது என்று பார்க்க வேண்டும். அதே நிருபம் பத்தாம் அதிகாரத்தில் அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இருக்கிறது: விசுவாசத்துக்காக நிந்தைகளையும் உபத்திரவங்களையும் சகித்து, ஆஸ்திகளைப் பறிகொடுத்தவர்கள். இப்போது களைத்துப்போய், கிறிஸ்துவே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகலாமா என்று நிற்கிறார்கள். எச்சரிக்கை அந்த வாசலில் நிற்பவனுக்கு. தூக்கம் இல்லாமல் ஜெபம் வறண்டுபோன கிழவிக்கு அல்ல. அதோடு ஒன்பதாம் வசனத்தில் எழுதியவரே குரலை மாற்றுகிறார்: "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்." வேனில் வந்தவர் ஆறாம் வசனத்தோடு பைபிளை மூடிவிட்டார். இன்னும் மூன்று வசனம் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சபை வரலாற்றையும் பார்த்தேன். 250இல் ரோமப் பேரரசன் தேசியு கிறிஸ்தவர்களைத் தெய்வங்களுக்குப் பலியிடச் சொன்னபோது எத்தனையோ பேர் பயந்து பலியிட்டார்கள். நிஜமாகவே மறுதலித்தவர்கள். துன்பம் ஓய்ந்ததும் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நோவாத்தியன் என்ற குரு. மனந்திரும்புதலைச் சோதித்துச் சேர்க்கலாம் என்று கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான் பக்கம் நின்றது சபை. மறுதலித்தவனுக்கே கதவு திறந்திருந்தது என்றால் பெரியம்மாவுக்கு என்ன குறை என்று எனக்குள் ஒரு தெம்பு வந்தது.

அதை அவரிடம் பேதுருவை வைத்துச் சொன்னேன். மூன்று தரம் மறுதலித்தவரை ஆண்டவர் சேர்த்துக்கொள்ளவில்லையா பெரியம்மா என்றேன். அவர் யோசித்துவிட்டு, "பேதுரு மனங்கசந்து அழுதாரே தம்பி. எனக்குத்தான் அழுகையே வர மாட்டேங்குதே" என்றார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. இந்த மாதிரிப் பயத்துக்கு ஒவ்வொரு வசனத்துக்கும் பதில் தெரியும். இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில்தான் வில்லியம் கூப்பரைப் பற்றி வாசித்தேன். பெயர் தெரியாவிட்டாலும் அவர் பாட்டு நமக்கெல்லாம் தெரியும். "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே" என்று பெரிய வெள்ளியன்று பாடுகிறோமே, அதன் மூலத்தை எழுதியவர். 1731இல் பிறந்தவர். இளவயதிலேயே மனநோயால் தற்கொலைக்கு முயன்று, செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு மருத்துவரின் இல்லத்தில் சிகிச்சை பெற்றார். இயேசுவை நம்பியதும் அங்கேதான். பிறகு ஓல்னி என்ற ஊரில் குருவானவர் ஜோன் நியூட்டனுக்குப் பக்கத்தில் குடியேறி, இருவரும் சேர்ந்து பாட்டு எழுதினார்கள். 1773ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதிதான் நியூட்டன் "அமேசிங் கிரேஸ்" பாட்டின் வரிகளைத் தன் சபையில் கொடுத்தார். அதே ஆண்டின் தொடக்கத்திலேயே கூப்பர் மறுபடி உடைந்துபோனார். தேவன் தன்னை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்று ஒரு கனவு. அதிலிருந்து அவர் மீளவே இல்லை. 1800இல் சாகும்வரை, மற்ற எவனுக்கும் கிருபை உண்டு, எனக்கு மட்டும் இல்லை என்றே நம்பினார். கோயிலுக்குள் போவதையும் விட்டுவிட்டார்.

நினைத்துப் பாருங்கள். எப்பேர்ப்பட்ட பாவியும் கழுவப்படுவான் என்று உலகமே அவர் வார்த்தையைப் பாடுகிறது. எழுதியவர் வீட்டுக்குள் உட்கார்ந்து நான் தொலைந்தவன் என்கிறார். அவர் இரட்சிப்பை இழந்துவிட்டாரா? அப்படி நினைக்கிற ஒரு கிறிஸ்தவனையும் நான் சந்தித்ததில்லை. அவரைத் தவிர எல்லோருக்கும் அவர் விஷயத்தில் நிச்சயம் இருந்தது. எனக்கு அங்கேதான் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. நிச்சயம் என்ற உணர்வு ஒன்று, இரட்சிப்பு வேறொன்று. முதலாவது காய்ச்சலிலும் தூக்கமின்மையிலும் காணாமல் போகும். இரண்டாவது அப்படிப் போகிற பொருள் இல்லை.

நியூட்டன் என்ன செய்தார் என்பதையும் கவனித்தேன். வாதாடி ஜெயிக்கப் பார்க்கவில்லை. நண்பனைத் தன் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

ஜோன் வெஸ்லி கதையும் கிட்டத்தட்ட இதைப் போன்றதுதான். 1738 மே 24ஆம் திகதி இலண்டனில், ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முகவுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது தன் உள்ளம் அதிசயமாய் அனல்கொண்டது என்று எழுதியவர், அடுத்த ஜனவரியிலேயே, நான் இப்போது கிறிஸ்தவன் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். 1814இல் மிஷனரிகள் இலங்கையில் வந்து இறங்கிய மெதடிஸ்தத்தின் தகப்பனுக்கே இந்த நிலைமை! மெதடிஸ்த நண்பர்கள் முதல் திகதியைக் கொண்டாடுகிறார்கள், இரண்டாவதைச் சொல்வதில்லை.

சரி, நிஜமாகவே இழக்க முடியுமா, முடியாதா? பெரிய பெரிய ஆட்கள் மோதிய இடம். ஒரு விசேஷ வெளிப்பாடு இல்லாமல் கடைசிவரை நிலைப்பேன் என்று எவனும் முழு நிச்சயமாய்ச் சொல்ல முடியாது என்றது 1547இல் கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம். தேவன் தெரிந்துகொண்டவர்கள் விழுவார்கள், ஆனால் அவர் அவர்களைக் கடைசியாய்க் கைவிட மாட்டார் என்றது 1618–19இல் சீர்திருத்த சபைகளின் டோர்ட் சங்கம். இன்றைக்கு நிச்சயம் உண்டு, நாளைக்கு நீயே உதறிவிட்டுப் போகவும் முடியும் என்றார் வெஸ்லி. எனக்குப் பிடித்தது 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை சொல்கிற ஒரு விஷயம்: மெய்யான விசுவாசிக்கும் நிச்சயம் கிடைக்க நெடுநாள் ஆகலாம், கிடைத்தது ஆட்டம் காணவும் செய்யலாம். பெரியம்மாவுக்கு அதில் இடம் இருக்கிறது.

நான் டோர்ட் பக்கம்தான் சாய்கிறேன். காரணம் யோவான் 10:28. "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." பிடித்திருப்பது அவர். ஆனால் "ஒருதரம் இரட்சிக்கப்பட்டாச்சு, இனிக் கவலை இல்லை" என்று சொல்லிக்கொண்டு லயத்துச் சனத்துக்கு மாத வட்டிக்குக் கொடுத்து, ஏமாந்தவர்களின் நகையை விழுங்குகிற ஒரு சகோதரரை எனக்குத் தெரியும். பக்திப் பாட்டுகளை நன்றாகப் பாடுவார். எபிரெயர் ஆறை அவருக்கு யாராவது மைக் இல்லாமல், தனியாக, மெதுவாக வாசித்துக் காட்டினால் நல்லது. எச்சரிக்கை வசனங்கள் தப்பான வீட்டு விலாசத்துக்குப் போய்ச் சேருவதுதான் எங்கள் பக்கத்துப் பிரச்சினை. பயப்பட வேண்டியவர் நிம்மதியாகத் தூங்குகிறார். தூங்க வேண்டியவர் விழித்துக் கிடக்கிறார்.

பெரியம்மாவை அக்காவும் நானும் கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், முழங்காலுக்கென்று சொல்லித்தான். மனநல கிளினிக்குக்கும் ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். அங்கே இருந்த பெண் டொக்டர் சிங்களத்தவர், தமிழ் நன்றாகப் பேசினார். எப்போதிருந்து தூக்கம் இல்லை, சாப்பாடு எப்படி, பெரியப்பா இறந்து எவ்வளவு காலம் என்று பொறுமையாகக் கேட்டு, இது மனச்சோர்வு என்று சொல்லிக் குளிசை கொடுத்தார். வெளியே வந்ததும் பெரியம்மா உறையை ஆட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, ஏசப்பா இதுக்குள்ளயா ஒளிஞ்சிருக்காரு?" என்றார். அவர் பகிடி விட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அக்கா பஸ் தரிப்பிடத்திலேயே அழுதுவிட்டாள்.

குளிசை மெதுவாகத்தான் வேலை செய்தது. முதலில் தூக்கம் வந்தது, பசி வந்தது. ஜெபம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. பக்கத்துக் காம்பிராப் பிள்ளைக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பதை அவர் அந்த மோசமான நாட்களிலும் விட்டதில்லை என்பதை மட்டும் ஒருநாள் நினைவுபடுத்தினேன். சகோதரரிடத்தில் அன்புகூருகிறவன் மரணத்தைவிட்டு ஜீவனுக்குள் வந்தவன் என்று யோவான் தன் முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார் என்றேன். அது அவருக்கு அவ்வளவாக எடுபடவில்லை. ரொட்டி சுட்டதெல்லாம் ஒரு பெரிய காரியமா என்றார். ஆனால் அதே அதிகாரத்தின் இருபதாம் வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்."

"அப்ப என் மனசு சொல்றது கணக்கில்லையா?" என்றார்.

"உங்க மனசு கணக்கப்பிள்ளை இல்ல பெரியம்மா" என்றேன்.

சிரித்தார். நம்பினாரா என்றால், சில நாள் நம்பினார், சில நாள் இல்லை. ஒரு ஞாயிறு சபையில் மறுபடி கை நீட்டி அப்பம் எடுத்தார் என்று அக்கா போன் பண்ணிச் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு போகவில்லை, மழை என்றார். பயம் முழுசாக அவரை விட்டுப் போனதென்று என்னால் எழுத முடியாது. அடுத்த வருடம் ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். கடைசி வார்த்தை என்று எதுவும் இல்லை. முந்தைய இரவு, நாளைக்கு அரிசி இல்லை, வாங்கி வை என்று அக்காவிடம் சொன்னாராம்.

சாவு வீட்டில் சபைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிச்சயத்தோடதானே போனாங்க?" என்று கேட்டார். நல்ல மனுஷன், ஆறுதலுக்குத்தான் கேட்டார். "அவங்களுக்கு அது சில நாள் இருந்துச்சு, சில நாள் இல்ல அண்ணே. எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதிரை அடுக்கப் போனேன்.

இப்போது இதை எழுதக் காரணம், ஆகஸ்ட் லீவில் வாலிபர் கூட்டம் வருகிறது. ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களில் சிலர் ஒவ்வொரு கூட்டத்திலும் கை உயர்த்தி, ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக இரட்சிக்கப்படுகிறார்கள். போன தடவை எடுத்தது செல்லுபடியாகுமா என்று அவர்களுக்கே சந்தேகம். இந்த முறை ஒரு வேளை பேசச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எபிரெயர் ஆறாம் அதிகாரத்தையே எடுக்கப் போகிறேன். முதல் வசனத்திலிருந்து இருபதாம் வசனம் வரை, நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்க வைப்பேன். முடிவில் யாரையும் கை உயர்த்தச் சொல்ல மாட்டேன். இதைக் கேட்ட பாஸ்டருக்குக் கொஞ்சம் மனக்குறைதான், எத்தனை பேர் கை உயர்த்தினார்கள் என்று கணக்கு அனுப்ப வேண்டுமாம். அவருடன் பேசிக்கொள்கிறேன்.